திருச்சிலுவைத் தீவில் கற்ற பாடம்

கனடா நாட்டில் கியூபெக் நகரை நிறுவியவர் சாமுவேல் தெ ஷாம்ப்ளேன். நியூ பிரான்சின் தந்தை என்று வரலாறு அவரை அழைக்கிறது. கடலோடி, வரைபடக் கலைஞர், ஆளுநர், கத்தோலிக்க விசுவாசி என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. அவரது வாழ்வைத் திருப்பிப் போட்டது ஒரு வெற்றியல்ல, 1604-ஆம் ஆண்டு ஒரு சிறு தீவில் தம் தோழர்களோடு அவர் கழித்த மிகக் கொடிய குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில் நடந்ததையும், அதிலிருந்து அவர் கற்றதையும், சில வேளைகளில் கற்கத் தவறியதையும் இங்கே சிந்திப்போம்.

ஷாம்ப்ளேன் பிரான்சின் மேற்குக் கடற்கரையில், உப்பளங்கள் சூழ்ந்த புரூவாஜ் என்னும் துறைமுக ஊரைச் சேர்ந்தவர். அவரது தந்தை கப்பல் தலைவர். அலைகளுக்கும் பாய்மரங்களுக்கும் நடுவே வளர்ந்த மகனும் கடலையே தேர்ந்துகொண்டார். அவர் இளைஞராக இருந்தபோது பிரான்சில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம் அது. 1598-இல் அரசர் நான்காம் ஹென்றி நாந்த் ஆணையை வெளியிட்டு, இரு தரப்பினரும் ஒரே நாட்டில் வாழ வழி செய்தார். அந்த அரசரின் படையில் பணியாற்றியிருந்த ஷாம்ப்ளேன், 1603-இல் முதன்முறையாகக் கனடாவின் புனித லாரன்ஸ் ஆற்றுக்குச் சென்று வந்தார்.

மறு ஆண்டு, 1604-இல், அரசரிடம் தோல் வணிக உரிமை பெற்ற பியேர் துகுவா தெ மோன் என்பவர் ஒரு குழுவை அமைத்தார். வட அமெரிக்கக் கடற்கரையில் நிலையான குடியிருப்பு ஒன்றை ஏற்படுத்துவதே நோக்கம். தெ மோன் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். அவருடன் சென்றவர்களில் கத்தோலிக்கரும் இருந்தனர், சீர்திருத்த சபையினரும் இருந்தனர். கத்தோலிக்கக் குருக்களும் சீர்திருத்த சபைப் போதகரும் ஒரே பயணத்தில் சென்றார்கள். வரைபடம் தயாரிப்பவராக ஷாம்ப்ளேன் உடன் சென்றார்.

பாதுகாப்பைத் தேடிய தீவு

1604 ஜூன் மாத இறுதியில் அவர்கள் ஓர் ஆற்றின் முகத்துவாரத்திற்கு வந்து சேர்ந்தார்கள். இன்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திற்கும் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்திற்கும் எல்லையாக ஓடும் ஆறு அது. ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவு இருந்தது. தீவுக்கு மேலே ஆறுகள் சிலுவை வடிவில் சந்திப்பதைக் கண்டு, அந்த இடத்திற்குத் திருச்சிலுவை என்று பெயரிட்டார்கள்.

தீவு அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பீரங்கிகளை நிறுத்தினால் எந்தப் பகைவனும் நெருங்க முடியாது. கரையில் வாழ்ந்த பழங்குடி மக்கள் யார், நல்லவர்களா கெட்டவர்களா என்று அவர்களுக்குத் தெரியாது. எனவே எல்லாரிடமிருந்தும் விலகி இருப்பதே நல்லது என்று எண்ணினார்கள். மரங்களை வெட்டி வீடுகள் கட்டினார்கள், கிடங்கு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். தீவு மணற்பாங்கானது. விதைத்தவை வெயிலில் கருகின.

அந்த ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாளே முதல் பனி விழுந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஆற்றில் பனிப்பாறைகள் மிதந்து வந்தன. அந்தப் பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. ஏறி இறங்கும் நீரில் பனிப்பாறைகள் ஒன்றோடொன்று மோதி உடைந்துகொண்டே இருந்தன. ஆறு முழுவதும் உறைந்திருந்தால் நடந்து கரைக்குப் போயிருக்கலாம். உறையாமல் இருந்திருந்தால் படகில் போயிருக்கலாம். இரண்டும் இல்லாததால் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

தீவில் ஊற்று இல்லை. குடிநீரும் விறகும் கரையில்தான் இருந்தன. தீவின் மரங்களையோ வீடு கட்டவே பெரும்பாலும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பனியை உருக்கிக் குடித்தார்கள். கொண்டு வந்த பானங்கள் பீப்பாயிலேயே உறைந்துபோயின. ஆப்பிள் மதுவை வெட்டி எடுத்து, எடை போட்டுப் பங்கிட்டார்கள் என்று ஷாம்ப்ளேன் எழுதி வைத்திருக்கிறார். சாப்பிட உப்பிட்ட இறைச்சியும் பழைய தானியமும் மட்டுமே.

பின்பு நோய் வந்தது. ஈறுகள் வீங்கி அழுகின. பற்கள் ஆடி, வலியில்லாமலே கையோடு வந்தன. கால்கள் வீங்கி, கரும்புள்ளிகள் தோன்றின. எழுந்து நிற்க முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை. ஸ்கர்வி என்னும் இந்நோய் வைட்டமின் சி குறைவால் வருவது என்று இன்று நமக்குத் தெரியும். காய், கனி, கீரை, புதிய இறைச்சி கிடைத்தால் மாறிவிடும். அன்று அது யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தும் காரணம் புரியவில்லை. தீவில் தங்கிய 79 பேரில் 35 பேர் இறந்தார்கள். இன்னும் இருபதுக்கும் மேற்பட்டோர் சாவின் விளிம்பு வரை சென்றார்கள். நலமாக இருந்த ஒரு சிலரே நோயாளிகளைப் பார்த்து, இறந்தவர்களையும் அடக்கம் செய்தார்கள்.

கரையிலிருந்து வந்த உதவி

இதில் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தி உண்டு. ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன், 1535-36 குளிர்காலத்தில், ஜாக் கார்ட்டியே என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் ஆட்கள் கியூபெக் பகுதியில் இதே நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். அப்போது அங்கிருந்த பழங்குடியினர் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சில நாட்களில் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். நிலத்தில் வாழ்ந்த மக்களுக்குத் தெரிந்திருந்த மருந்து அது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. திருச்சிலுவைத் தீவில் இருந்தவர்களோ கேட்க முடியாத தொலைவில் தங்களைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பகைவரைத் தடுக்கத் தேர்ந்தெடுத்த தண்ணீர், நண்பரையும் தடுத்துவிட்டது.

மார்ச் மாதத்தில் பனி இளகத் தொடங்கியபோது, அவர்கள் யாருக்குப் பயந்து தீவில் ஒளிந்தார்களோ அந்தப் பழங்குடி மக்களே வேட்டையாடிய இறைச்சியைக் கொண்டுவந்து, ரொட்டிக்கும் பிற பொருட்களுக்கும் மாற்றிக்கொண்டார்கள். புதிய இறைச்சி கிடைத்தது. எஞ்சியவர்கள் மெல்ல மெல்லத் தேறினார்கள். ஜூன் 15-ஆம் நாள் பிரான்சிலிருந்து கப்பல் வந்து சேர்ந்தது.

தீவில் இன்னொரு வகையான குளிரும் இருந்தது. கத்தோலிக்கக் குருவும் சீர்திருத்த சபைப் போதகரும் விசுவாசத்தைப் பற்றி வாதாடி, சில நேரம் கைகலப்பிலும் இறங்கினார்கள் என்று ஷாம்ப்ளேன் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். இதைக் கண்ட பழங்குடியினர் சிலர் ஒரு பக்கமும் சிலர் மறுபக்கமும் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். பின்னர் குருவும் போதகரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறந்தபோது, உயிரோடு இருக்கையில் ஒத்துப்போகாதவர்கள் இறந்த பிறகாவது சமாதானமாக இருப்பார்களா என்று பார்க்க, மாலுமிகள் இருவரையும் ஒரே குழியில் புதைத்தார்கள் என்று கபிரியேல் சகார் என்னும் பிரான்சிஸ்கன் துறவி பிற்காலத்தில் எழுதினார். கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் ஒரே ஆண்டவரை அறிவிக்கப் போன இருவரைப் பற்றி மக்கள் நினைவில் வைத்தது அவர்களின் மறையுரையை அல்ல, அவர்களின் சண்டையை என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

விருந்து மேசை

1605 கோடையில் அவர்கள் தீவை விட்டுப் புறப்பட்டார்கள். வீடுகளின் மரச்சட்டங்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, வளைகுடாவின் மறுகரையில், இன்றைய நோவா ஸ்கோஷியாவில், போர் ரோயல் என்னும் இடத்தில் குடியேறினார்கள். இம்முறை தீவு அல்ல, நிலப்பகுதி. அருகில் நல்ல நீரும் காடும் இருந்தன. பக்கத்திலேயே மிக்மாக் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களின் தலைவர் மெம்பெர்த்து முதியவர், பிரெஞ்சுக்காரரிடம் நட்பு பாராட்டியவர். எனினும் அந்தக் குளிர்காலத்திலும் 45 பேரில் 12 பேர் நோயால் இறந்தார்கள்.

மூன்றாம் குளிர்காலத்தில், 1606-இன் இறுதியில், ஷாம்ப்ளேன் ஓர் ஏற்பாடு செய்தார். பிரெஞ்சு மொழியில் அதற்கு நற்பொழுது அணி என்று பொருள்படும் பெயர் வைத்தார். மேசையில் அமர்வோர் ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு நாள் விருந்துப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். தம் முறை வருவதற்கு முன்பே அவர் வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போய்ப் புதிய உணவைச் சேர்க்க வேண்டும். உணவு வேளை வந்ததும் தோளில் துண்டும், கையில் கோலும், கழுத்தில் அணியின் மாலையும் அணிந்து முன்னே நடப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு தட்டை ஏந்திப் பின்னே வருவார்கள். ஒவ்வொருவரும் முந்தையவரை விடச் சிறப்பாகச் செய்யப் போட்டி போட்டார்கள். சோம்பிக் கிடந்தவர்கள் எழுந்தார்கள், வாடிய முகங்கள் மலர்ந்தன.

அந்த மேசையில் மெம்பெர்த்துவும் பிற தலைவர்களும் விருந்தினராக அமர்ந்தார்கள். சுற்றியிருந்த மிக்மாக் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரொட்டி கொடுக்கப்பட்டது. அவர்கள் வராத நாட்களில் பிரெஞ்சுக்காரர்களுக்கே மனம் வாடியது என்று அங்கிருந்த வழக்குரைஞர் மார்க் லெஸ்கார்போ எழுதினார். அந்த ஆண்டு குரு யாரும் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி கற்பித்தவரும் இந்தப் பொதுநிலையினரே. அந்தக் குளிர்காலத்தில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று ஷாம்ப்ளேன் குறிப்பிடுகிறார். குளிரும் அந்த ஆண்டு சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் புதிய உணவும், ஒன்றாக உண்ட மகிழ்ச்சியும், பக்கத்து மக்களின் நட்பும் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1610 ஜூன் 24-ஆம் நாள், திருமுழுக்கு யோவான் பிறப்பு விழாவன்று, மெம்பெர்த்து தம் குடும்பத்தாரோடு திருமுழுக்குப் பெற்றார்.

கற்றதும் தவறியதும்

1608 ஜூலை 3-ஆம் நாள் ஷாம்ப்ளேன் புனித லாரன்ஸ் ஆற்றங்கரையில் கியூபெக் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கும் முதல் குளிர்காலம் கொடியது. 28 பேரில் எட்டுப் பேரே வசந்தத்தைப் பார்த்தார்கள். ஆனால் அதே குளிர்காலத்தின் பிப்ரவரியில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றின் மறுகரையில் பசியால் வாடிய இன்னு மக்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உதவி தேடி வந்தார்கள். வழியில் பனிப்பாறைகள் அவர்களின் படகுகளை நொறுக்கின. ஒரு பனிப்பாறை மேல் ஏறி, அது கரை ஒதுங்கியதால் உயிர் தப்பினார்கள். தம் ஆட்களே செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஷாம்ப்ளேன் அவர்களுக்கு ரொட்டியும் அவரையும் கொடுத்தார். தீவில் அவர்களைக் கண்டு பயந்தவர், இப்போது இருப்பதைப் பங்கிட்டார்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட வரலாறு இடம் தராது. 1609 ஜூலையில், நண்பர்களாகிய பழங்குடியினருக்குத் துணையாகச் சென்று, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் ஏரியின் கரையில் மோஹாக் தலைவர்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். ஒரு சாராரின் நண்பரானவர் மறுசாராரின் பகைவரானார். அந்தப் பகை பிரெஞ்சுக்காரர்களைப் பல தலைமுறைகள் தொடர்ந்தது. ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய்கள் 1630-களில் ஹூரோன் மக்களைப் பெருமளவில் அழித்தன. பழங்குடியினர் அந்த நட்பிற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது உண்மையாகாது.

1615-இல் அவர் பிரான்சிஸ்கன் சபையின் ரெக்கொலே துறவிகள் நால்வரைக் கனடாவுக்கு அழைத்து வந்தார். அவர்களில் அருட்தந்தை ஜோசப் லெ கரோன், அந்த ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஹூரோன் நாட்டில் முதல் திருப்பலி நிறைவேற்றியபோது ஷாம்ப்ளேனும் உடனிருந்தார். அந்த ஆண்டு இறுதியில் போர் ஒன்றில் அம்பு பட்டு, நடக்க முடியாமல், ஒரு ஹூரோன் வீரரின் முதுகில் கட்டித் தூக்கி வரப்பட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதையும் ஹூரோன் மக்களிடையே கழித்தார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவர்களைப் போன்றவர்களிடமிருந்து தப்பிக்கத் தீவைத் தேடிய குழுவில் இருந்தவர், இப்போது அவர்களின் நெருப்பருகே அமர்ந்து, அவர்களின் கூழைக் குடித்துப் பிழைத்தார்.

1628-இல் இன்னு மக்கள் மூன்று சிறுமிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அவர்களுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயரிட்டு, மகள்களைப் போல் வளர்த்துக் கல்வி தந்தார். மறு ஆண்டு பசியால் தளர்ந்திருந்த கியூபெக்கை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். நம்பிக்கையையும் அன்பையும் பிரான்சுக்கு அழைத்துச் செல்ல ஷாம்ப்ளேன் கெஞ்சியும் அனுமதி கிடைக்கவில்லை. கண்ணீரோடு அவர்களை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் விட்டுச் சென்றார். 1633-இல் கியூபெக்குக்குத் திரும்பியதும், நகரம் மீண்டு கிடைத்ததற்கு நன்றியாக அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். நாள்தோறும் மூவேளைச் செபத்திற்கு மணி அடிக்கச் செய்தார். அவரது மேசையில் இரவு உணவின்போது புனிதர்களின் வாழ்க்கை வாசிக்கப்பட்டது. அவருடைய மனைவி எலேன் பூலே பிற்காலத்தில் உர்சுலா சபைத் துறவியாகி, மோ நகரில் ஒரு கன்னியர் மடத்தை நிறுவினார்.

1635 அக்டோபரில் ஷாம்ப்ளேன் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். இயேசு சபை அருட்தந்தை சார்ல் லாலமான் அவருக்கு இறுதி அருட்சாதனங்களை வழங்கினார். டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று, அவர் இறந்தார். அவரது கல்லறை இருந்த இடம் இன்று யாருக்கும் தெரியாது. பின்னர் கியூபெக் வந்த ஹூரோன் மக்கள், பிரெஞ்சுக்காரர்களின் கண்ணீரைத் துடைக்கும் அடையாளமாகப் பரிசு கொடுத்து அவருக்காகத் துக்கம் கேட்டார்கள். கல்லறை மறைந்துபோனவருக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டுமா?

நமக்கு

திருச்சிலுவைத் தீவு இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக உள்ளது. அந்தக் குளிர்காலத்தில் இறந்தவர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்ததில் அவர்கள் தவறு செய்யவில்லை. பாதுகாப்பு என்றால் யாரும் நெருங்க முடியாத இடம் என்று நினைத்ததுதான் தவறு.

அன்பார்ந்தவர்களே, நமக்கும் இத்தகைய தீவுகள் உண்டு. பேச்சு நின்றுபோன உடன்பிறப்பு, வேறு சாதி என்பதால் நாம் நுழையாத வீடு, வேறு சபை என்பதால் நாம் ஒதுக்கிய அண்டை வீட்டார், பங்கிலேயே ஒருவரோடொருவர் பேசாத இரு அன்பியங்கள். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் நோய் வரும் நாளில் மருந்து மறுகரையில்தான் இருக்கும். எரிகோ சாலையில் விழுந்து கிடந்தவருக்கு உதவியவர் யார் என்பது நமக்குத் தெரியும். அவர் எதிர்பார்த்த ஆள் அல்ல.

நம் ஆண்டவரும் மேசையைச் சுற்றியே மக்களைச் சேர்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் நாம் அந்த மேசைக்கு வருகிறோம். இந்த வாரம் வீட்டில் உண்ண அமரும்போது, அங்கே யாருக்கு இன்னும் இடம் போடவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அந்த ஒருவரை அழைப்போம்.